தெரிஞ்சிருக்க வேணும்

சிசிலி பதினாறு வருடங்களாக மொன்றியலில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். அகதி விசாரணை, வாடகைத் தகராறு, விவாகரத்து, ஆஸ்பத்திரி என்று எங்கே கூப்பிட்டாலும் போவாள். தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும், ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும் சொல்லவேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. மன்னாரில் பிறந்து பதினொரு வயதில் இங்கே வந்தவள். இரண்டு மொழியிலும் தடக்கல் இல்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

போன வருடம் மே மாதத்தில் அவளை ஒரு மரண விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இறந்தவன் பெயர் றெக்ஸ். முப்பத்தெட்டு வயது. டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் ஒரு நிறுவனத்தில் வேலை. சாப்பாட்டு லொறியின் பெட்டி விமானக் கதவின் உயரத்துக்கு எழும்பும். பெப்ரவரியில் ஒருநாள் காலை பத்து மணிக்கு, தூக்கி நிறுத்திய பெட்டிக்குக் கீழே புகுந்து, அதைத் தூக்கும் இரும்புக் கைகளில் உறைந்திருந்த பனிக்கட்டியை றெக்ஸ் தட்டிக்கொண்டிருந்தான். எண்ணெய்க் குழாய் வெடித்துப் பெட்டி கீழே இறங்கிவிட்டது.

விசாரணையில் முக்கியமான சாட்சி நீக்கிலாப்பிள்ளை. அறுபத்தொரு வயது. றெக்ஸோடு ஒரே லொறியில் ஏழு வருடம் ஓடியவர். ஆங்கிலம் ஓரளவு விளங்கும், ஆனால் சத்தியம் செய்துவிட்டுப் பேசுவதற்குத் தமிழ்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார். சிசிலி அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். முன்வரிசையில் றெக்ஸின் மனைவி றொஷினி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

வழமையாக இப்படியான விசாரணைக்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் வந்து, அரை மணிக்கொருமுறை மாறிக்கொள்வார்கள். அன்று மற்றவர் சுகமில்லையென்று வரவில்லை. ஒன்பது மணிக்குத் தொடங்கிய சிசிலி பதினொன்றரை மணிவரை நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் விசாரணை அதிகாரியின் வழக்கறிஞர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அந்த லொறியில் எண்ணெய் கசிவது மேற்பார்வையாளர் பஸ்காலுக்குத் தெரியுமா?

நீக்கிலாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "மூண்டு நாளாய் லொறிக்குக் கீழ எண்ணெய் நிண்டது. பழுது எழுதுற தாளை ஒவ்வொருநாளும் விடிய அவற்ற மேசையிலைதான் கொண்டுபோய் வைக்கிறது. அவருக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."

முதல் இரண்டு வசனத்தையும் சிசிலி பிழையில்லாமல் சொன்னாள். மூன்றாவதை "ஹீ ஷுட் ஹாவ் நோன்" என்றாள். வழக்கறிஞர் குனிந்து எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

மத்தியான இடைவேளைக்கு எல்லோரும் வெளியே வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. நடைபாதை மூலையில் றொஷினி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். நீக்கிலாப்பிள்ளை அவளிடம் போனார். பக்கத்தில் குடையைத் தேடிக்கொண்டிருந்த சிசிலிக்கு அவர் சொன்னது காதில் விழுந்தது.

"அழாதை பிள்ளை. பஸ்காலுக்குத் தெரியும் எண்டதை நான் உள்ளுக்கை சொல்லிப்போட்டன். இனி அவை பாக்கட்டும்."

சிசிலி குடையைத் தேடுவதை நிறுத்தினாள். அவர் சொன்னது அதுவா? அவள் சொன்னது வேறு. மரண விசாரணை அதிகாரி இன்னும் அறைக்குள்தான் இருந்தார். கதவைத் தட்டி, ஒரு வசனத்தைத் திருத்தவேண்டும் என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் எண்ணெய் நின்றதும், தாள் மேசையில் இருந்ததும் ஆங்கிலத்தில் சரியாகப் பதிவாகியிருக்கிறது, வாசிக்கிறவர்களுக்கு விளங்காதா என்று நினைத்தாள். நடுவில் எழுந்து தன் பிழையைச் சொன்னால் பிற்பகலில் தான் சொல்லப்போகும் ஒவ்வொரு வசனத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள் என்றும் நினைத்தாள். பசியும் இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனாள்.

ஒக்டோபரில் அறிக்கை வந்தது. மரண விசாரணை அதிகாரி யாரையும் குற்றவாளி என்று சொல்வதில்லை. என்ன நடந்தது, இனி நடக்காமல் என்ன செய்யலாம் என்று மட்டும் எழுதுவார். ஆனால் அவர் எழுதுவதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் முடிவெடுப்பார்கள். பழுது தெரிந்தும் லொறியை ஓடவிட்டதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிப் பொலிஸ் கோப்பை மூடிவிட்டது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது றொஷினி சிசிலியிடம் வந்தாள். கையில் அறிக்கை. சில வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு ஒரு நிமிசம் இருக்குமோ?"

"ஓம், சொல்லும்."

"நீக்கிலாப்பிள்ளை அண்ணை சூப்பர்வைசருக்குத் தெரியும் எண்டு சொன்னவர். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். இதிலை பாத்தால் அப்பிடி ஒண்டும் இல்லை. இந்த வரியை எனக்கு விளங்கப்படுத்துங்கோ."

இருபத்திரண்டாம் பக்கம். மேற்பார்வையாளர் கசிவை அறிந்திருக்க வேண்டியவர் என்று ஒரு சாட்சி கருதுகிறார், ஆனால் அவர் உண்மையில் அறிந்திருந்தார் என்று எவரும் சாட்சி சொல்லவில்லை என்று இருந்தது. 'ஷுட் ஹாவ் நோன்' என்ற மூன்று சொல்லும் மேற்கோளுக்குள் இருந்தன.

சிசிலி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இங்கிலீஷிலை மஸ்ட் எண்டும் ஷுட் எண்டும் ரெண்டு சொல் இருக்கெல்லே," என்றாள். "ரெண்டையும் நாங்கள் 'வேணும்' எண்டுதான் படிச்சனாங்கள். யூ மஸ்ட் கோ எண்டால் நீ கட்டாயம் போகவேணும். யூ ஷுட் கோ எண்டால் போறது நல்லது, போகத்தான் வேணும், ஆனால் கட்டாயம் இல்லை. சாதாரணமாய்க் கதைக்கேக்க அவ்வளவுதான் வித்தியாசம்."

"அது எனக்கும் தெரியும்."

"நடந்து முடிஞ்சதைக் கதைக்கேக்க அப்பிடியில்லை. பக்கத்திலை 'ஹாவ்' வந்தவுடனை ரெண்டும் ரெண்டு பக்கம் போயிடும். ஹீ மஸ்ட் ஹாவ் நோன் எண்டால், அவருக்குத் தெரிஞ்சுதான் இருக்கும், தெரியாமல் இருக்க வழியில்லை. இதிலை கட்டளை ஒண்டும் இல்லை. ஆள் யோசிச்சு, தெரிஞ்சிருக்கு எண்டு முடிவுக்கு வாறார்."

"சரி."

"ஹீ ஷுட் ஹாவ் நோன் எண்டால், தெரிஞ்சு வைச்சிருக்கிறது அவற்ற கடமை." சிசிலி கொஞ்சம் நிறுத்தினாள். "கடமை, ஆனால் செய்யேல்லை. கேக்கிற ஆக்களுக்கு அவருக்குத் தெரியாது எண்டுதான் விளங்கும்."

றொஷினி தாளைப் பார்த்தாள். "ஒண்டு தெரியும் எண்டுது. மற்றது தெரியாது எண்டுது."

"ஓம்."

"அண்ணை தமிழிலை எதைச் சொன்னவர்?"

"தெரிஞ்சிருக்க வேணும் எண்டு சொன்னவர். தமிழிலை ரெண்டுக்கும் அதுதான். சொல்லுற விதத்திலையும் முன்னுக்குப் பின்னுக்குச் சொன்னதிலையும்தான் பிடிக்கலாம்."

"அப்ப இதிலை ஷுட் எண்டு போட்டது ஆர்?"

மண்டபத்தில் யாரோ கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். 

"நான்," என்றாள் சிசிலி.

றொஷினி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் கோபம் வரவில்லை. யாரென்று தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு அறிக்கையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கர்க்லாண்டில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்ததும் சிசிலி கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஜோன்சன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். ஒரு வேலையைத் தொட்டுவிட்டால் அதை முடிக்காமல் எழும்பாதவன். உடைந்த கதவுப் பிடியைப் பொருத்திக்கொண்டே கேட்டான்.

"நீர் இப்ப என்ன செய்யப் போறீர்?"

"எழுதப் போறன். பிழை என்னுடையது எண்டு."

"எழுதினால் உம்மை இனி ஆர் கூப்பிடுவினம்? பதினாறு வருசமாய் நீர் செய்த அவ்வளவு கேசையும் கிண்டுவாங்கள். எல்லாத்துக்கும் மேலை, செத்தவன் திரும்பி வரப்போறானே?"

"அண்டைக்கே எனக்குத் தெரியும் ஜோன்சன். நடைபாதையிலை நிண்டு கேட்டனான். கேட்டிட்டுச் சாப்பிடப் போனனான்."

 அவன் திருகாணியை முறுக்கி முடியும்வரை குனிந்தே இருந்தான்.

கடிதம் எழுத மூன்று நாள் எடுத்தது. ஒரு பக்கம்தான். தமிழில் அவர் சொன்ன வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதி, அதற்கு இருக்கும் இரண்டு பொருளையும் எழுதினாள். இரண்டில் எது என்று சாட்சியிடம் கேட்காமல் தானாகவே ஒன்றைத் தெரிந்தெடுத்தது தன் பிழை என்று எழுதினாள். 'வேணும்' என்றால் 'ஷுட்' என்று ஏன் வாய்க்கு வந்தது என்றும் யோசித்துப் பார்த்தாள். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில், மருந்து எடுக்கவேணும், உப்புக் குறைக்கவேணும் என்று அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைக் கடிதத்தில் எழுதவில்லை. சாக்குச் சொல்வதுபோல இருக்கும். நடைபாதையில் கேட்டதை மட்டும் கடைசியில் எழுதினாள்.

ஜனவரியில் விசாரணையை ஒரு மணித்தியாலத்துக்கு மறுபடி திறந்தார்கள். மொழிபெயர்க்க வேறு ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். சென்னைக்காரர், முப்பது வயதிருக்கும், சப்பாத்து பளபளவென்று இருந்தது. சிசிலி பின்வரிசையில் இருந்தாள். றொஷினி முன்னால். நிறுவனத்தின் வழக்கறிஞருக்குப் பக்கத்தில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். நீக்கிலாப்பிள்ளை உள்ளே வந்ததும் அந்தப் பெண்ணுக்குத் தலையசைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

முதலில் ஒலிப்பதிவைப் போட்டார்கள். அவருடைய குரலும், பின்னாலேயே சிசிலியின் குரலும் வந்தன. தன் குரலில் எவ்வளவு களைப்பு என்பதைச் சிசிலி அப்போதுதான் கேட்டாள். 'வேணும்' என்ற இடத்தில் அவர் அழுத்தியதும் தெளிவாகக் கேட்டது. அந்த அழுத்தத்தைத் தமிழ்ப் பிள்ளை எதுவும் பிழையாக விளங்கிக்கொள்ளாது. ஆனால் அந்த அறையில் தமிழ் கேட்கத் தெரிந்தவர்கள் நான்குபேர்தான்.

மரண விசாரணை அதிகாரி மெதுவாகக் கேட்டார். சென்னைக்காரர் அதைத் தமிழில் சொன்னார். "அவருக்கு நிச்சயமா தெரியும்னு சொல்ல வந்தீங்களா? இல்ல, அவர் தெரிஞ்சுக்க வேண்டிய பொறுப்புல இருந்தார்னு சொல்ல வந்தீங்களா?"

நீக்கிலாப்பிள்ளை தண்ணீர் கேட்டார். கொடுத்தார்கள். பாதி குடித்துவிட்டுக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பொறுப்பு எண்டதைத்தான் சொன்னனான்," என்றார். "அவருக்குத் தெரியுமோ தெரியாதோ எண்டு எனக்கென்னெண்டு தெரியும்? நான் அவற்ற மனசுக்குள்ள போய்ப் பாக்கேல்லையே."

றொஷினி எழும்பிவிட்டாள். "அண்ணை, அண்டைக்கு எனக்குச் சொன்னனீங்களே."

அதிகாரி அவளை இருக்கச் சொல்லிவிட்டுச் சாட்சியிடமே அதைக் கேட்டார். அன்று நடைபாதையில் இறந்தவரின் மனைவியிடம் என்ன சொன்னீர்கள்?

"அந்தப் பிள்ளை அழுதுகொண்டு நிண்டது. ஆறுதலுக்கு ஏதும் சொல்லியிருப்பன். ஞாபகம் இல்லை."

சென்னைக்காரர் ஒரு சொல்லும் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னார். நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்து, முதல் மொழிபெயர்ப்பு சரியானது என்பது இப்போது உறுதியாகிவிட்டது, மொழிபெயர்ப்பாளரின் நேர்மையைப் பாராட்டுகிறோம் என்றார். சொல்லும்போது பின்வரிசையைத் திரும்பிப் பார்த்துத் தலையையும் குனிந்தார். சிசிலிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

வெளியே குளிர் சைபருக்குக் கீழே இருபது பாகைக்குப் போயிருந்தது. மெற்றோ வாசலில் சிசிலி கையுறை போட்டுக்கொண்டு நிற்கும்போது நீக்கிலாப்பிள்ளை வந்தார். அவளைக் காணாததுபோலப் போயிருக்கலாம். போகாமல் நின்றார்.

"தங்கச்சி, என்னோட கோவமோ?"

"உங்களோட கோவிக்க நான் ஆர் அண்ணை?"

"மருமகனையும் விசாரணை முடிஞ்ச பிறகு அங்கதான் சேத்துவிட்டனான். எனக்கும் பென்சனுக்கு இன்னும் நாலு வருசம் கிடக்கு." அவருடைய மூச்சு புகையாக வந்தது. "அண்டைக்கு எனக்குப் பயம் இருக்கேல்லை. தமிழிலை சொன்னன், சொல்லி முடிஞ்சுது. நான் சொன்னது எனக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும். நீங்கள் அதை இங்கிலீஷிலை என்ன செய்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியாது. இண்டைக்கு ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சு, எது எண்டு கேட்டினம். கொம்பனியிலிருந்து வந்த அந்த மனிசி பாத்துக்கொண்டிருக்கிறா."

சிசிலி கையுறையின் விரல்களை இழுத்துச் சரிசெய்தாள்.

"நீங்கள் உந்தக் கடிதத்தை எழுதாமல் விட்டிருந்தால், நானும் சத்தியம் செய்துபோட்டுப் பொய் சொல்லியிருக்க மாட்டன்," என்றார். குறை சொல்கிற குரல் இல்லை அது. சொல்லிவிட்டுப் படியில் ஒருகையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் போகும்வரை சிசிலி மேலேயே நின்றாள். ஒரே ரயிலில் போக அவளால் முடியவில்லை.

இரண்டு கிழமையில் மரண விசாரணை அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. மொழிபெயர்ப்பில் பிழை இல்லை, அறிக்கையில் மாற்றம் இல்லை என்று இருந்தது. ஜோன்சன் அதை இரண்டுமுறை வாசித்து, "பாத்தீரே, ஒண்டும் நடக்கேல்லை," என்றான். அவனுக்கு உண்மையிலேயே ஆறுதல். சிசிலிக்கு வழமைபோல வேலைக்கு அழைப்புகள் வந்தன. முந்தியதைவிடக் கூடவே வந்தன. யாராவது 'வேணும்' என்று சொன்னால் மட்டும் அவள் கையை உயர்த்தி, மன்னிக்கவும், சாட்சியிடம் ஒன்று கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டும் என்பாள். சில நீதிபதிகளுக்கு அது எரிச்சலாக இருந்தது.

பெப்ரவரியில், றெக்ஸ் இறந்து ஒரு வருடம் முடிந்த கிழமையில், பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் றொஷினி வீட்டுக்குப் போனாள். சொல்லாமல் போனாள். சொன்னால் வரவேண்டாம் என்பாள் என்று பயம். மூன்றாம் மாடி. வெளிப்படியில் உறைந்த பனிக்கு மேலே யாரோ உப்புத் தூவியிருந்தார்கள்.

கதவைத் திறந்த றொஷினி கொஞ்ச நேரம் வழிவிடாமல் நின்றாள். பிறகு விலகினாள். றொஷினிக்கு அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை. அன்று அவளுக்கு லீவு. மகள் கார்டறி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில். குசினி மேசையில் உலர்ந்த உடுப்புகள் பாதி மடித்துக் கிடந்தன. "இருங்கோ" என்று சொல்லவில்லை, ஆனால் ஒரு கதிரையிலிருந்த உடுப்பை எடுத்து மற்றதில் போட்டாள்.

"நான் அண்டைக்கே திரும்பி உள்ளுக்கை போய்ச் சொல்லியிருந்தால் நீக்கிலாப்பிள்ளை அண்ணை சொன்னதையே திரும்பச் சொல்லியிருப்பார்," என்றாள் சிசிலி. "அதைச் சொல்லத்தான் வந்தனான். அண்டைக்கு அவருக்குப் பயமில்லை. நான் போகேல்லை."

றொஷினி ஒரு துவாயை மடித்து முடித்தாள்.

"பிழையைத் திருத்திக் கடிதம் எழுதினீங்கள் எண்டு ஃபாதர் சொன்னவர். அதுக்காக உங்களை நல்ல மனிசி எண்டு நினைக்கச் சொன்னவர்." அடுத்த துவாயை எடுத்தாள். "எனக்கு உங்களிலை கோவம் இருக்கு அக்கா. போயிடும் எண்டும் சொல்லேலாது."

"போகாட்டில் பரவாயில்லை."

 கீழே தெருவில் பனி அள்ளும் வண்டி எச்சரிக்கைச் சத்தம் போட்டுக்கொண்டு போனது. றொஷினி எழும்பி, சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்த அறிக்கையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதை முழுக்க எனக்குத் தமிழிலை ஆரும் வாசிக்கேல்லை. அந்தப் பக்கத்தை மட்டும்தான் எல்லாரும் பாத்தவை. முதலாம் பக்கத்திலையிருந்து வாசியுங்கோ."

முப்பத்துநாலு பக்கம். சிசிலி கோட்டைக் கழற்றிக் கதிரையில் தொங்கவிட்டாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். தலைப்பு, திகதி, இலக்கம் எல்லாவற்றையும் வாசித்தாள். றெக்ஸின் முழுப்பெயர், பிறந்த இடம் பேசாலை. லொறி என்ன வகை, எத்தனை வருடம் பழையது. அன்று என்ன குளிர், எத்தனை விமானம் காத்து நின்றது. இரண்டு பொருள் வரும் இடத்தில் நின்று, இப்படியும் எடுக்கலாம், அப்படியும் எடுக்கலாம் என்று இரண்டையும் சொன்னாள். றொஷினி இடையில் ஒன்றிரண்டு கேட்டாள். உடுப்பு மடிப்பதை மட்டும் விடவில்லை.

பதினெட்டாம் பக்கத்தில் சிசிலி நிறுத்தினாள்.

"இது டொக்டர் எழுதினது. விட்டிட்டு அங்கால போவமே?"

"விடாதேங்கோ. ஒரு சொல்லும் விடாதேங்கோ."

சிசிலி வாசித்தாள். நெஞ்செலும்பு, விலா, ஈரல். தமிழில் அந்தச் சொற்கள் ஆங்கிலத்தைவிடக் கிட்டத்தில் இருந்தன. ஆங்கிலத்தில் அவள் ஆஸ்பத்திரியில் நூறுதரம் சொன்ன சொற்கள்தான். இங்கே ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னாள். உடனே உயிர் போகவில்லை என்ற இடம் வந்தது. அதையும் சொன்னாள்.

"எவ்வளவு நேரம் எண்டு இருக்கோ?"

"இருக்கு. நாலு தொடக்கம் ஆறு நிமிசம்."

"நினைவோட இருந்தவரோ?"

சிசிலி அந்த வரியை மறுபடி பார்த்தாள். "அது தெரியாது எண்டுதான் எழுதியிருக்கினம். இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம்."

றொஷினியின் கையில் மகளின் சின்னக் காலுறை ஒன்று இருந்தது. அதன் சோடியை மேசை முழுக்கத் தேடினாள். கிடைக்கவில்லை. கதிரைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். அங்கேயே கொஞ்ச நேரம் குனிந்தபடி இருந்தாள். தோள் குலுங்குவது சிசிலிக்குத் தெரிந்தது. எழும்பிப் போய்ப் பிடிக்கும் உரிமை தனக்கு இல்லை என்று பட்டது. தாளின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நிமிர்ந்தபோது றொஷினியின் முகம் சிவந்திருந்தது. தண்ணீர்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். கேத்திலையும் அடுப்பில் வைத்தாள்.

"மகளைக் கூட்டிவர அஞ்சு மணிக்குப் போகவேணும். அதுக்குள்ள முடிச்சிடலாமோ?"

"இன்னும் பதினாறு பக்கம்," என்றாள் சிசிலி. "கெதியாய் வாசிச்சால் முடிச்சிடலாம்."

"கெதியாய் வேண்டாம். முடியாட்டில் நாளைக்கு வாங்கோ."

சிசிலி சரி என்றாள். றொஷினி இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, ஒன்றை அவள் பக்கம் தள்ளிவிட்டு, எதிரே வந்து இருந்தாள்.